பெருக்கு ஏறிய ஞாயிறு

தண்ணீர் தவராணியின் நெஞ்சுக்கு வந்தபோதுதான் நான் முதன்முறையாக உண்மையாகச் செபித்தேன். அதற்கு முன் செய்ததெல்லாம் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரிதான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, சகோதர சகோதரிகளே? உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

2003ஆம் ஆண்டு, பங்குனி மாதம், தவக்காலம். நான் தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்குப் போய், கண்டியில் ஒரு வருட உளவளத்துணைப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். போரில் மனம் உடைந்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுத்தரும் படிப்பு. அப்போது அங்கே சண்டை நின்றிருந்தது, முடிந்திருக்கவில்லை. அறைத் தோழிகள் இரண்டு பேர். மெற்றில்டா மன்னார் கரையில் விடத்தல்தீவுக்காரி. தவராணி பதுளையில் தேயிலைத் தோட்டத்துப் பெண், எங்கள் மூவரில் குள்ளமானவள். பாதை திறந்திருக்கும்போதே சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் இருவரையும் நச்சரித்தேன். தவராணிக்கு வர மனமே இல்லை. அவளுடைய அம்மாவிடம், "நான் பத்திரமாகக் கூட்டிவருவேன்" என்று தொலைபேசியில் வாக்குக் கொடுத்துத்தான் இழுத்துப் போனேன்.

மன்னார்க் கோட்டையைப் பார்த்தோம். தெருவில் தாமாகத் திரியும் கழுதைகளோடு படம் எடுத்துக்கொண்டோம். அரசுப் படை, ஆயுத இயக்கம் என இரண்டு தரப்புச் சோதனைச் சாவடிகளிலும் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு, அடம்பன் வழியாகப் பேருந்தில் விடத்தல்தீவு போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து பூநாரை பார்க்கக் கடலுக்குக் கிளம்பினோம். அங்கே வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும், பெருக்கு நேரத்தில் திரும்பி ஏறும். மெற்றில்டாவின் அம்மா வாசலில் நின்று சொன்னார்: "பத்து மணிக்கு முன்னம் திரும்பிடுங்கோ பிள்ளையள். பெருக்கு ஏறத் தொடங்கிடும். இண்டைக்கு ஞாயிறு, கடலிலை ஒரு சனமும் இராது."

"நான் கடற்கரைக்காரி அம்மா, எனக்குத் தெரியாததா?" என்றேன். அந்தக் கொழுப்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

முழங்கால் அளவு ஓடை ஒன்றைக் கடந்தோம். அதற்கு அப்பால் கணுக்கால் தண்ணீர், வெதுவெதுப்பாக. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. நாங்கள் பத்து அடி வைத்தால் அவையும் பத்து அடி விலகின. பறக்கவுமில்லை, நிற்கவுமில்லை. சண்டை, படிப்பு, வீடு எதுவும் நினைவில் இல்லை. மோட்சம் இப்படித்தான் இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. எவ்வளவு நேரம் நடந்தோம் என்று இன்றுவரை தெரியாது.

திடீரென்று அத்தனையும் ஒன்றாக எழும்பின. வானமே இளஞ்சிவப்பாகிப் பிறகு மறுபடி வெள்ளையானது. கண்ணைக் கீழே இறக்கினால் கரையைக் காணவில்லை. கானல் எல்லாப் பக்கத்தையும் ஒன்றுபோல மூடியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு மேலே வந்திருந்தது.

"எந்தப் பக்கம்டி உங்க ஊரு?" என்று மெற்றில்டாவைக் கேட்டேன்.

"எனக்குத் தெரியேல்லையடி" என்று அழுதாள். எட்டு வயதில் இடம்பெயர்ந்து, அகதி முகாமில் வளர்ந்து, போன வருடம்தான் அவள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். எங்களில் ஒருத்திக்கும் நீச்சல் வராது. எனக்கு இடுப்பளவு வந்தபோது தவராணிக்கு நெஞ்சளவு. அவள் அழவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

"ஆண்டவரே, படகு கேட்கவில்லை, இன்று ஞாயிறு என்று எனக்கே தெரியும். கரையை மட்டும் காட்டும். இந்தப் பிள்ளையை நான் கூட்டிவந்தேன். இவளை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடும். மடு மாதாவே, எங்களுக்காக மன்றாடும்." இவ்வளவுதான் என் செபம்.

கண்ணைத் திறந்தபோது தண்ணீரில் ஒரு கம்பு தெரிந்தது. அதையடுத்து இன்னொன்று. மீன் மறிக்க வரிசையாக நட்ட கம்புகள். ஒரு பக்கம் தள்ளித் தள்ளி நின்றன, மறுபக்கம் போகப்போக நெருங்கின. கரைக்கு அருகேதான் நெருக்கமாக நடுவார்கள் என்று நானாகவே தீர்மானித்தேன். கடற்கரைக்காரி அல்லவா! ஒவ்வொரு கம்பாகப் பிடித்து இருவரையும் நடத்திப் போனேன். கம்புகள் வட்டமாக வளைந்து ஓர் அடைப்பில் போய் முடிந்தன. மீன் வந்து மாட்டும் இடம் அது. கடலுக்குள் இன்னும் ஆழமாக வந்திருக்கிறோம். தவராணியின் தோளுக்குத் தண்ணீர். செபித்தும் ஏமாந்தேன் என்று நினைத்தேன். அந்த நிமிடம் எனக்கு ஆண்டவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவளைத் தூக்கித் தடித்த கம்பு ஒன்றைக் கட்டிப் பிடிக்கவைத்தேன்.

அப்போது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு தோணி வந்தது. சத்தமே இல்லை. தலையில் தொப்பி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டு நீண்ட கழியால் ஊன்றித் தாங்கினார்.

"என்ன புள்ளைகள், இதுக்குள்ள என்ன செய்யிறீங்க?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தவராணியைத்தான் முதலில் தூக்கினார்.

கம்பு வரிசையின் மறுமுனைக்கு, கரைப் பக்கம், போகவில்லையா என்று கேட்டார். கம்பு நெருங்கும் பக்கம்தான் கரை என்று நினைத்து வழி தவறியதைச் சொன்னேன். "நல்லதாப் போச்சு. அங்கால போயிருந்தா ஓடை. இப்ப அதுல ஆள் தாழும், நீரோட்டம் வேற" என்றார். காலையில் நாங்கள் முழங்காலளவில் கடந்து வந்த அதே ஓடை.

"ஞாயிறிலை ஏன் நானா தொழிலுக்கு வந்தனீங்கள்?" என்று மெற்றில்டா கேட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தொழிலுக்கு இல்ல மகள், பார்க்க வந்த. இது எங்கட வாப்பா மீன் புடிச்ச இடம். கம்பு இப்ப வேற ஆக்கள்ட. ஒருத்தரும் இல்லாத நாளாப் பார்த்து, கூட்டாளிட தோணியைக் கேட்டு வாங்கி வந்த."

மெற்றில்டா தலையைக் குனிந்துகொண்டாள். 1990இல் அந்த ஊர் முஸ்லிம்கள் அத்தனை பேரையும் ஆயுத இயக்கத்தார் வெளியேறச் சொன்னார்கள் என்று அவள் எனக்குப் பிறகுதான் சொன்னாள். அப்போதிருந்து அவர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தார். ஊரைப் பார்க்க இரண்டு நாள் வந்திருந்தார்.

கரையில் இறங்கியதும் அவர் காலைத் தொடப்போனேன். பதறிப் பின்வாங்கினார். "எனக்கு ஒண்டும் வேணாம். ஊருக்குத் திரும்பி வரக் கேட்டு நான் தினமும் துஆ செய்யிறன். நீங்களும் உங்கட சாமிக்கிட்ட ஒருக்காச் சொல்லுங்க." அவ்வளவுதான். தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தவராணியை அவள் அம்மாவிடம் பத்திரமாகச் சேர்த்தேன். ஆண்டவருக்குக் கோடி நன்றி. அன்றிலிருந்து அவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். தவறான பக்கம் என்று எனக்குத் தோன்றிய இடத்துக்குத்தான் அவர் ஆளை அனுப்பியிருந்தார். பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. மெற்றில்டா வீட்டாரும் திரும்ப ஓடினார்கள். அந்த மனிதர் ஊர் திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மாலையும் செபமாலையில் ஒரு பத்து மணி அவருக்காகச் சொல்கிறேன்.

நான் கரை கேட்டேன், அரை மணி நேரத்தில் கிடைத்தது. என்னைக் கரை சேர்த்தவர் பன்னிரண்டு வருடமாக அதே கரையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே, அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள், நிச்சயம் கிடைக்கும். கிடைத்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் கிடைக்காதவர்களுக்காகக் கொஞ்ச நேரம் முழங்காலிலேயே இருங்கள்.