மண்புழுவின் வயிற்றில் இருந்தவர்

அந்த இன்ஜினுக்கு ஆபீஸ் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது. ஷெட்டில் எல்லோரும் மண்புழு என்றார்கள். எது தலை, எது வால் என்று அதற்கே தெரியாது. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி டிரைவர் அறை, ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி மூஞ்சி. நடுவில் ஜன்னலே இல்லாத ஓர் இரும்பு அறை. அதில் நின்று அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்தான் நம்ம ஆள். புழுவுக்குள் இருந்ததால் அவருக்கு 'வயிறு' என்று பட்டம் வந்தது. ஆளோ ஒல்லிக்குச்சி. பட்டம் வைக்கிறவர்கள் அதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள்?

மண்புழு பிறந்ததே ஒரு கூத்து. மலையேற பலமான இன்ஜின் கேட்டார்கள். பலம் வேண்டுமென்றால் நீளம் வேண்டும். நீளமான இன்ஜினோ வளைவில் திரும்பாமல் நேரே போய் யார் வீட்டுச் சமையலறையிலாவது நிற்கும். மனிதனுக்கு இடுப்பு இருக்கிறதே, இன்ஜினுக்கு இருந்தால் என்ன என்று டிசைன் போட்ட பெரிய இன்ஜினியருக்குத் தோன்றியது. சக்கரங்களை இரண்டு வண்டிகளாகப் பிரித்தார். இரண்டுக்கும் தனித்தனியாக சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் உண்டு. இரண்டின் முதுகிலும் பாலம் போட்டது போல ஒரே பாய்லரைத் தூக்கி வைத்தார். வளைவில் கீழே இருக்கும் வண்டிகள் தம் பாட்டுக்குத் திரும்பிக்கொள்ளும், மேலே இருக்கும் பாய்லர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பேப்பரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வண்டி திரும்பும், பாய்லர் திரும்பாது. அப்போது ஆவி போகிற குழாய் என்ன செய்யும்? அதற்கு நம் தோள்பட்டையில் இருப்பது போல ஓர் உருண்டை மூட்டு வைத்தார். அது சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி ஓயாமல் ஒழுகியது. புகை முகத்தில் அடிக்கிறது என்று டிரைவர்கள் இருமினார்கள். உடனே, எந்தப் பக்கம் போனாலும் டிரைவர் புகைக்கு முன்னால் இருக்கட்டும் என்று இரண்டு முனையிலும் அறை கட்டினார். ஃபயர்மேன் அறைக்கு முதலில் ஜன்னல் இருந்தது. பிறகு அந்த இடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது.

"கரி போடுறவருக்கு வெளிய பாக்க என்னங்க வேலை?" என்று கேட்டார் இன்ஜினியர். போனால் போகிறதென்று கூரையில் காற்றுக்கு ஒரு மூடி வைத்துக் கொடுத்தார்.

அந்த அறையில் வயிறு என்ன பாடுபட்டார் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். காலையில் பச்சை முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுவார். முதல் சிக்னல் தாண்டுவதற்குள் அது அவிந்திருக்கும். உப்பு மட்டும் கையோடு கொண்டுபோவார்.

சூட்டைப் பொறுத்துக்கொண்டார். பட்டத்தையும் பொறுத்துக்கொண்டார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவள் பள்ளிக்கூடம் தண்டவாள வளைவை ஒட்டி இருந்தது. மண்புழு போகும்போதெல்லாம் "எங்கப்பா அதுலதான் இருக்காரு" என்று பீற்றிக்கொள்வாள். ஒருநாள் தச்சர் மகள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "முன்னாடி உங்க மாமா இருக்காரு. பின்னாடி ஒரு மீசைக்காரர் இருக்காரு. உங்கப்பா எங்கடி? புளுகுமூட்டை!"

அன்று சாயங்காலம் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உள்ள இருக்கேன்டா செல்லம்."

"உள்ளன்னா எங்க? நெஜமாவே நீ அதுலதான் போறியா?"

மகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயிறு அன்று ராத்திரியே முன்பக்க டிரைவரை வீட்டுக்கு வரச் சொன்னார். முன்பக்க டிரைவர் அவருடைய மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி. வயிறு, அவர் பெண்டாட்டி, மச்சான் என்று மூன்று பேரும் அடுப்படியில் கூடித் திட்டம் போட்டார்கள்.

"நாளைக்கு ஆபீஸருங்க எல்லாம் ஏர்றாங்க. அதான் கடைசி சோதனை. அதுக்கப்புறம் மண்புழு எந்த ஊருக்குப் போகுமோ, யாரு கண்டா?" என்றான் மச்சான். "ஸ்கூல் வந்ததும் நான் மணி அடிக்கிறேன் மாமா. நீங்க மூடியத் தொறந்து தலைய நீட்டிக் கையாட்டுங்க."

"ஒன்னு அடிச்சா இவரு காதுல விழாதுடா தம்பி. நாம கத்துனாலே 'ஆங்'ன்னுதான் கேப்பாரு. மூணா அடி" என்றாள் அக்கா.

மூன்று என்று முடிவாயிற்று. மண்புழுவின் மூன்று அறைக்கும் ஒரே கம்பி, ஒரே மணி. ஒன்று அடித்தால் கிளம்பு, இரண்டு அடித்தால் நில். மூன்று அடித்தால், இனி ஓட்டம் உன் பக்கம், எதிர்முனை டிரைவரே, நீ ஓட்டு என்று பொருள். பாதை முடிகிற இடத்தில் இன்ஜினைத் திருப்புகிற வேலையை மிச்சப்படுத்த வைத்த முறை அது. மாமனும் மச்சானும் தினமும் கேட்கிற மணிதான். ஆனால் அது ஷெட்டு மணி, இது வீட்டுத் திட்டம். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஆபீசர்களும் இன்ஜினியரும் மச்சான் அறையில் நெருக்கியடித்து ஏறினார்கள். பின்பக்க டிரைவரான மீசைக்காரரை ஒருவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வளைவு வந்தது. மணி மூன்று முறை அடித்தது.

"அப்படி வாங்கடா வழிக்கு!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு அவர் தன் பக்கம் ஆவியைத் திறந்துவிட்டார்.

முன்வண்டி முன்னால் இழுத்தது, பின்வண்டி பின்னால் இழுத்தது. மண்புழு பள்ளிக்கூடத்துக்கு நேராக அப்படியே நின்றது. ஏற்றம் போலிருக்கிறது என்று மச்சான் இன்னும் கொஞ்சம் திறந்தான். பொறாமையில் பிரேக் போடுகிறான் பொடியன் என்று மீசைக்காரர் அதைவிட அதிகமாகத் திறந்தார். சக்கரமெல்லாம் நின்ற இடத்திலேயே சுற்றித் தீப்பொறி பறந்தது.

"இது என்ன சோதனை?" என்று ஒரு ஆபீசர் கேட்டார். தெரியாது என்று சொல்லி இன்ஜினியருக்குப் பழக்கமில்லை.

"நிலைத்தன்மைச் சோதனை சார்" என்றார். ஆபீசர்கள் கை தட்டினார்கள்.

வயிறு மூடியைத் திறந்து, கரிக்குவியலில் ஏறித் தலையை நீட்டினார். கண்ணெல்லாம் கரித்தூள், சுற்றிலும் மூட்டு ஒழுகிய ஆவி. சக்கரம் போட்ட சத்தத்தில் வண்டி பறக்கிறது என்றே நினைத்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்தப் பள்ளிக்கூடம் என்ன இவ்வளவு நீளம் என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அவர் கையாட்டியது எதிர்ப்பக்கச் சலவைக்கூடத்தைப் பார்த்து. அங்கே கொடியில் காய்ந்த போர்வைகளுக்கு நடுவே நின்ற சலவைக்காரர், யாரோ தெரிந்தவர் போலிருக்கிறது என்று பதிலுக்கு மரியாதையாகக் கையாட்டினார்.

"அப்பா! இந்தப் பக்கம்பா! இங்க!"

அந்தக் குரல் மட்டும் எந்தச் சத்தத்திலும் அவர் காதில் விழும். வயிறு சட்டென்று திரும்பினார். மதில்மேல் வரிசையாகத் தலைகள். நடுவில் குதித்துக்கொண்டிருந்தது அவருடைய தலை, அதாவது அவர் பெற்ற தலை. அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அடுப்பில் கரி போட ஆளில்லாததால் ஆவி இறங்கியது, சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்புறம்தான் வண்டி நின்றுகொண்டிருப்பதே அவருக்குத் தெரிந்தது.

அந்த அமைதியில் தச்சர் மகள் குரல் தெளிவாகக் கேட்டது: "இருக்காரு, சரி. ஆனா வண்டி ஓடலையே?"

"ரெண்டு பக்கமும் ஓட்டுறாருடி. அதான் நிக்குது" என்றாள் மகள்.

மணியை ஏன் மூன்று முறை அடித்தாய் என்று இன்ஜினியர் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மச்சான் விழிப்பதற்குள் வயிறு குறுக்கே வந்து, "நான்தாங்க அடிக்கச் சொன்னேன். எம்பொண்ணுக்காக" என்றார். இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வேலை போயிருக்கும். ஆனால் சோதனை வெற்றி என்று ஆபீசர்களிடம் கை குலுக்கியாகிவிட்டதே! வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். நின்ற இடத்திலேயே நிற்பதற்கு இவ்வளவு கரி எதற்கு என்று மேலிடத்துக்கு மெதுவாக உறைத்தது. மண்புழுவைப் பக்கத்துத் தண்டவாளத்தில் தள்ளித் துரு பிடிக்க விட்டார்கள்.

வயிற்றுக்கு ஒரு பழைய குட்டி இன்ஜின் கிடைத்தது. அதற்குச் சுவரே கிடையாது, ஆள் முழுசாகத் தெரியும். தினமும் வளைவில் கையாட்டுகிறார். மகள் இப்போது, "போதும்பா, மானம் போகுது" என்று புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்கிறாள். மூடிய புத்தகத்துக்கு மேலே ஒரு கண் மட்டும் தெரிகிறது.

அதைப் பார்த்துவிட்டு அவர் மறக்காமல் எதிர்ப்பக்கம் திரும்புகிறார். சலவைக்காரர் போர்வைகளுக்கு நடுவே கையைத் தூக்கியபடி காத்திருக்கிறார்.