ராஜா நேரத்துக்கு வந்துவிட்டார்

போன ஞாயிறு திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு கூட்டம். கூட்டம் என்றால் மேடை, மைக், சால்வை எல்லாம் இல்லை. ரஹீம் பாய் தையல் கடையின் மாடி, ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபிளாஸ்க்கில் டீ. பேச ஒரே விஷயம்தான் – யாளி நாவல் தொடரின் புதிய பாகம் எப்படி?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாளி மேல் ஏறிப் பறக்கும் இளவரசி, விஷ நதி, மந்திரவாதிகள், முடிவே இல்லாத போர். எழுதுகிறவர் பல வருடங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார், இட்லி அவிப்பதுபோல. முதல் ஈடு பூப்போல இருந்தது. இப்போது மாவு புளித்துவிட்டது. ஆனாலும் வாங்குகிறோம். வாங்கிவிட்டுத் திட்டுகிறோம். திட்டுவதற்காகவே வாங்குகிறோமோ?

எங்களில் பெரிய திட்டு ஏசுதாஸ் சாருடையது. அகரத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எப்போதும் அவர்தான் முதலில் பேசுவார். அவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது... இது எங்கள் சட்டம். ‘இந்த ஆளு ஒம்பதாவது பாகத்துலயே பேனாவ மூடியிருக்கணும்’ என்றுதான் ஆரம்பிப்பார்.

சர்க்கரை வியாதி சாரின் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. இப்போது மனைவி ஸ்டெல்லா டீச்சர்தான் வாசித்துக் காட்டுகிறார். டீச்சருக்கு யாளியும் பிடிக்காது, மந்திரவாதியும் பிடிக்காது. ‘எப்பப் பாத்தாலும் வெட்டுக்குத்து. இதப் படிக்கணும்னு எனக்குத் தலையெழுத்து’ என்பார். ஆனாலும் வாசிப்பார். நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை மட்டும் தொடவே மாட்டார்; அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்தன்று சாரை மாடியில் உட்காரவைத்துவிட்டு, வெஞ்சனத்துக்குக் காய் வாங்க மார்க்கெட் போய்த் திரும்புவார்.

புதிய பாகத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது, மன்னியுங்கள். இளவரசி வெண்முகில் செத்துப்போகிறாள். விஷக் காய்ச்சல். அவள் அப்பாவான ராஜா எல்லையில் போரில் இருக்கிறார். சேதி கேட்டுக் குதிரையை விரட்டி வருகிறார். வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

சாரின் ஒரே மகள் ஷைனியும் காய்ச்சலில்தான் போனாள். காலேஜ் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. சார் வெளியூரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு முடியவில்லை என்று போன் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே, கையில் இருக்கும் தாள் கட்டை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்துவிட்டார். அவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது... வேண்டாம், உங்களுக்கே புரியும். இதை அவர் எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் அன்று எல்லோரும் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தப் பாகத்தை மனிதர் எப்படித் தாங்கினார்?

சார் தொண்டையைச் செருமினார்.

“இந்தத் தடவ திட்ட மாட்டேம்ப்பா. நல்லா எழுதிட்டான்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“அந்த ராஜா குதிரைய விட்டுக் குதிச்சு ஓடி வாரான் பாரு... பிள்ளை கண்ணத் தொறந்து, ‘அப்பா வந்துட்டீங்களா’ன்னு கேக்குது. வைத்தியன் மருந்து குடுக்குறான், பொழச்சிருது. அம்புட்டு நல்லா இருந்துச்சு.”

நான் வாசித்த புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. யார் வாசித்த புத்தகத்திலும் கிடையாது. ஸ்டெல்லா டீச்சர் அந்த இடத்தில் அச்சில் இருந்ததை விட்டுவிட்டுத் தானாகவே ஒரு கதையைச் சொல்லியிருக்கிறார்!

சட்டப்படி யாரும் குறுக்கே பேசவில்லை. ஆனால் சார் முடித்ததும் சிவக்குமார் வாயைத் திறந்தார். தொப்பம்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவர். மனதில் எதையும் அடக்கத் தெரியாத ஆள்.

“ஏனுங்க சார், எந்தப் புஸ்தகத்தச் சொல்றீங்க? அந்தப் புள்ளதான் செத்துப்...”

பாய் அவர் காலை மிதித்தார். மிதித்து என்ன பிரயோஜனம்? வார்த்தை வெளியே வந்துவிட்டது.

சார் சிவக்குமார் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “தெரியும் தம்பி. அந்த எடத்துல அவ ரொம்ப நேரம் வாசிச்சா. ஒரு தாளுகூடப் பொரளல. தாளு பொரளாம எப்பிடிப்பா கதை ஓடும்?”

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

“இத்தன வருசத்துல, ‘நீங்க ஏன் ஒடனே கெளம்பி வரல’ன்னு அவ ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன். இப்ப, ராஜா நேரத்துக்கு வந்துட்டாருன்னு வாசிக்கிறா... குரலு ஒடஞ்சு போச்சு. நல்லாருக்குன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிராதீங்கப்பா.”

படியில் செருப்புச் சத்தம். டீச்சர் காய்ப் பையோடு மேலே வந்தார்.

“என்ன, இன்னிக்கும் திட்டித் தீத்தாரா?”

“இல்ல டீச்சர், சார் பாராட்டிட்டாரு” என்றார் பாய். அதோடு விட்டிருக்கலாம். சிவக்குமாருக்குப் பொறுக்கவில்லை. தான் செய்த தப்பைத் தானே சரிசெய்யக் கிளம்பிவிட்டார்.

“எனக்கும் அந்த எடந்தானுங்க டீச்சர் புடிச்சுது. ராஜா கரெக்ட் டைமுக்கு வந்து, புள்ள பொழச்சுக்குச்சில்லீங்க...”

சொல்லும்போது அவர் மடியில் அந்தப் புத்தகம் இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. அழவுமில்லை.

“ஆமா தம்பி” என்றார். “வந்துட்டாரு.”

சாரின் கையைப் பிடித்து எழுப்பி, “பாத்து, படி இருக்கு” என்று கூட்டிக்கொண்டு இறங்கினார். அதற்குப்பின் யாரும் விமர்சனம் பேசவில்லை. டீ ஆறிப்போனது.

அடுத்த பாகம் சீக்கிரம் வரப்போகிறது. அதில் வெண்முகில் இருக்க மாட்டாள். ஆனால் அகரத்தில் ஒரு வீட்டில் அவள் சாப்பிட வேண்டும், யாளியில் பறக்க வேண்டும், கல்யாணம்கூட ஆக வேண்டும். புத்தகத்தில் இல்லாத பக்கங்களை டீச்சர் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாள் புரளாதது தெரியாததுபோல சார் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இந்தத் தொடரை எப்போதுதான் முடிப்பீர்கள் என்று எழுத்தாளரைப் பார்த்து முன்பு இதே பத்தியில் நான் கிண்டலடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள் ஐயா... நிறுத்திவிட மட்டும் வேண்டாம்.