பொம்மைப் பிள்ளையின் காலில் போட்ட முடிச்சு

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. பேனாவை எடுப்பேன், மகள் முகம் ஞாபகத்துக்கு வரும், வைத்துவிடுவேன். அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைகிற வரைக்கும் இந்தப் பேச்சை நானே கிளறக் கூடாது என்றிருந்தேன். மாரியாத்தா புண்ணியத்தில் போன தையில் அவள் கல்யாணமாகிப் பொந்தியான் ஊருக்கு வாழப் போய்விட்டாள். இனிமேல் எழுதலாம் என்று என் வீட்டுக்காரியே சொன்னாள். "எழுதுங்க. ஆனா ஒண்ணும் கூட்டாதீங்க, குறைக்காதீங்க" என்றாள்.

அப்போது குளுவாங் டவுனைத் தாண்டி உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆசாரி. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குக் கதவு, ஸ்டோருக்குப் பலகை, கோயில் பல்லக்குக்குக் கால், எல்லாம் என் கைதான். எங்கள் சின்னதுரை லீவில் சீமைக்குப் போய்த் திரும்பும்போது படம் பிடிக்கிற பெட்டி ஒன்று கொண்டுவந்தார். பொம்மையைக் கொஞ்சம் அசைத்து வைப்பது, ஒரு படம் பிடிப்பது, மறுபடி கொஞ்சம் அசைப்பது. அப்படியே பிடித்துச் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாக நடக்குமாம்.

"ஆசாரி, ஒரு சின்னப் பிள்ளை பண்ணு. பாயிலருந்து எந்திரிச்சு ரப்பர் மரத்துக்கு நடந்து போகணும்" என்றார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

என் வீட்டுக்காரிக்கு அப்போது ஏழாம் மாசம். அதற்கு முந்தின பிள்ளை வெளியே வர முடியாமலே போய்விட்டது. அவளும் பிழைத்ததே பெரிது. அதனால் இந்தத் தடவை வீட்டில் சத்தமாகச் சிரிக்கக்கூடப் பயந்தோம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மனைவி உண்டாகியிருக்கும்போது புருஷன் முகம் மழிக்க மாட்டான், ஆணி அடிக்க மாட்டான். ஆசாரி ஆணி அடிக்காமல் பிழைக்க முடியாது, ஆகவே மரத்தில் அடிக்கலாம். கை கால் வைத்த உருவத்தில் மட்டும் அடிக்கக் கூடாது.

"வயித்துக்குள்ள ஒண்ணுக்குக் கை கால் வளர்ற நேரத்துல, வெளிய இன்னொண்ணுக்குக் கை கால் வைக்கணுமா?" என்று கேட்டாள்.

"துரை கேக்குறார், மாட்டேன்னு எப்படிச் சொல்றது? ஆணி அடிக்காமச் செய்றேன் புள்ள. ஆத்தா மேல ஆணை."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தலைக்கு ஜெலுத்தோங் மரம் எடுத்தேன். செதுக்கச் சுகமான மரம். எலும்புக்கு, ரப்பர் மரத்தில் பால்கோப்பை மாட்டுகிற கம்பியை இரண்டாக முறுக்கினேன். மேலே இலவம் பஞ்சு வைத்துத் துணி சுற்றி, தோலுக்கு ரப்பர் பாலையே பூசினேன். பூசிக் காயவைத்து, திரும்பப் பூசினேன். காய்ந்ததும் அது பச்சைப் பிள்ளையின் தோல் போலவே ஆனது. விரல் வைத்தால் குழியும், எடுத்தால் எழும்பும். எனக்கே தொடக் கூசியது.

நடக்கும்போது பொம்மை விழாமல் இருக்க, பாதத்தில் ஆணி அடித்துப் பலகையோடு நிறுத்தச் சொன்னார் துரை. நான் முடியாது என்று சொல்லி, பலகையில் துளை போட்டு, பாதத்தை நூலால் இழுத்து அடியில் முடிச்சுப் போட்டேன். முடிச்சு நழுவாமல் இருக்க ஒரு சொட்டு ரப்பர் பால் வைப்பேன். அடுத்த அடிக்கு நகத்தால் உரித்து அவிழ்த்து, தள்ளிக் கட்டுவேன். வழக்கத்தை மீறாமல் வேலையை முடித்துவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பங்களா ஸ்டோரில் வேலை. சன்னலுக்குக் கோணி கட்டி, விளக்கு வைத்து, பகலிலேயே இருட்டாக்கியிருப்பார். சூட்டில் ரப்பர் வாடை தலையைச் சுற்றும். துரை "ம்" என்றால் நான் கையை எடுக்க வேண்டும். அவர் பெட்டியின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுவார், ஒரு படம் விழும். மறுபடி நான்.

லயத்தில் பேச்சுக் கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் எல்லாரும் கேட்கும்படி, "ஆசாரி வீட்டுல ரெண்டு புள்ள வளருதுலா. ஒண்ணு வயித்துல, ஒண்ணு பங்களாவுல. எது முந்துதுன்னு பாப்போம்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள்.

அன்று சாயங்காலம் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க பங்களாவுக்குப் போற அன்னிக்கு இது அசையவே மாட்டேங்குதுங்க."

இருந்தும் அடுத்த ஞாயிறும் போனேன். பொம்மை ஒரு காலைத் தூக்கியபடி இருக்கும்போது காற்றோடு மழை பிடித்துக்கொண்டது, விளக்கு நிற்கவில்லை. "அப்படியே இருக்கட்டும், யாரும் தொடக் கூடாது" என்று துரை கதவைப் பூட்டினார்.

அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை அவளுக்கு வலி எடுத்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். மண் ரோடு வெள்ளத்தில் அறுந்து கிடந்தது. ஞாயிறு உச்சி ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வரவர அடங்கிக்கொண்டே வந்தது.

மருத்துவச்சி வெளியே வந்தாள். "வீட்டுல பூட்டினது கட்டினது எல்லாத்தையும் தொறந்து விடுங்க. ஒரு முடிச்சு இருக்கக் கூடாது. அறுக்கவும் கூடாது, அவுக்கத்தான் செய்யணும்."

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அரிசி மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்தேன், கன்றை அவிழ்த்துவிட்டேன். அவள் பின்னலை உள்ளே பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"இன்னும் எங்கயோ இருக்கு. உன் கையால கட்டினது எதாச்சும் இருக்கா ஆசாரி?" என்றாள் மருத்துவச்சி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆணிக்குப் பயந்து முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். துரை ஏற்கெனவே ஸ்டோரில் விளக்கேற்றி, படப் பெட்டியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஆசாரி! தொடாதே! கால் எடம் மாறினா எல்லாம் போச்சு!"

"தொரை, என் பொஞ்சாதி வயித்துல பிள்ளை வர முடியாம நிக்குது. இந்தக் கட்டை அவுக்கணும்."

அவர் பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார்.

"அறுக்கக் கூடாது தொரை. அவுக்கணும்."

ஒரு வாரத்தில் பால் கெட்டியாகி நூலோடு ஒட்டிப்போயிருந்தது. நகம் ஏறவில்லை. பலகையைத் தூக்கி நிமிர்த்தி, முடிச்சில் பல்லை வைத்தேன். பொம்மையின் தூக்கிய கால் பலகை விளிம்பைத் தாண்டி என் கன்னத்தில் பட்டது. ஆத்தா, ஆத்தா என்பதைத் தவிர வேறு நினைவில்லை. வாயில் ரப்பர் கசந்தது. ஒன்று விட்டது. பிறகு இன்னொன்று. பொம்மை முகம் குப்புற விழுந்தது.

நான் லயத்துக்குத் திரும்பும்போது மழை நின்றிருந்தது. வாசலில் நின்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள். அப்புறம்தான் அழுகைச் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. தாயும் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். நான் ஆத்தா கோயில் இருந்த திசைக்கு விழுந்து கும்பிட்டேன்.

இத்தோடு முடிந்திருக்கலாம். கோயில் திருவிழாவில் துரை ஸ்டோர் சுவரில் வேட்டியைத் திரையாகக் கட்டி அந்தப் படத்தை ஓட்டினார். பாயிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. நடந்தது. ஒரு காலைத் தூக்கியது. சட்டென்று ஊன்றிய காலில் ஒரு மனுஷன் வாய் வைத்துக் கடிப்பது போலத் தெரிந்தது. தாடி வளர்ந்த, சேறு அப்பிய என் முகம். துரை வேண்டுமென்று சுற்றினாரா, கை பழக்கத்தில் சுற்றியதா, நான் கேட்கவில்லை. அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போகும்போது பொம்மையையும் படத்தையும் எடுத்துப் போய்விட்டார். இங்கே பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

ஆசாரி பொம்மைப் பிள்ளையின் காலைத் தின்று தன் பிள்ளையை வாங்கினான் என்றார்கள். என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களில் சிலர் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டில் இருப்பது எந்தப் பிள்ளையோ என்றுகூட ஒருத்தி சொன்னாள். என் மகள் முதல்முதலாக நடந்த அன்று, அவள் தூக்கிய கால் தரையில் படும்வரை நானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஊர் பேசியதில் ஆச்சரியம் என்ன? கால் பட்டது. அடுத்த காலும் பட்டது. நேராக என்னிடம் வந்தாள்.

படிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது பொம்மை தானாக நடந்தது என்று சொல்லிவிடாதீர்கள், நடக்க வைத்தது என் கை. நான் கடித்தது காலை இல்லை, நான் போட்ட முடிச்சைத்தான். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். என் மகள் அங்கே பொந்தியானில் இப்போது உண்டாகியிருக்கிறாள்.