முதலில் உயர்ந்த கை

கூலித் தகராறு முற்றியிருந்த அறுவடைக் காலம். குத்தாலம் பக்கம் ஒரு பால்வாடிக்கு அம்மை குத்தப் போயிருந்தேன். ஒல்லியான டீச்சர் ஒருவர் படப்புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளத்தில் தனியாக மாட்டிக்கொண்ட அணிலின் கதை.

“யாருக்கெல்லாம் பயமா இருக்கு?”

ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படிக் கேட்டு, தன் கையைத்தான் முதலில் தூக்குவார். பிறகு பிள்ளைகள் தூக்குவார்கள். பயந்தவர் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றது. தலைமறைவான சங்கத்து ஆட்களைத் தேடி வந்த ஏட்டு உள்ளே நுழைந்தார்.

“சங்கத்துக்காரன் புள்ளைங்க யாரு? கையத் தூக்கு!”

டீச்சரின் கை உயர்ந்தது. உடனே எல்லாப் பிள்ளைகளும் தூக்கினார்கள், மிராசுதாரின் காரியஸ்தர் மகள் உட்பட. ஏட்டு முறைத்துவிட்டு வெளியேறினார்.

வேன் போன பிறகும் டீச்சரின் கை இறங்கவில்லை. என்ன துணிச்சல் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். காரியஸ்தர் மகள் எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.