பரீதா டீச்சர் அழித்த மூலை

காலை இடைவேளைக்குச் சற்று முன் பரீதா டீச்சரின் மகன் தொலைபேசியில் அழைத்தார். "உம்மா மௌத்தாப் போயிட்டாங்க டீச்சர். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று வெள்ளைப் பலகைப் பக்கம் திரும்பினேன். அதன் வலது மூலைதான் கண்ணில் பட்டது. மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களோடு முந்தல் பாடசாலையில் படிப்பித்தவர்களுக்கு அந்த மூலையின் கதை அரைகுறையாகத் தெரியும். முழுவதையும் சொல்ல வேண்டியவள் நான்தான்.

எங்களுடையது சின்னதோர் ஆங்கிலமூலப் பாடசாலை. பிள்ளைகள் வீட்டில் தமிழ் மட்டுமே பேசுவார்கள். மூன்றாம் தரம் என் பொறுப்பு. ஆங்கிலம் பிடிபடாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து உதவுவது பரீதா டீச்சரின் வேலை. வகுப்பில் யாராவது தமிழ் பேசினால் வகுப்புத் தலைவியான மொனிட்டர் அந்தப் பிள்ளையின் பெயரைப் பலகை மூலையில் எழுதுவாள். பெயர் விழுந்த பிள்ளைக்கு அன்று விளையாட்டு இல்லை. சட்டம் என்னுடையது. சிலாபத்தில் நான் ஆங்கிலம் படித்ததும் இப்படித்தான் என்ற பெருமை வேறு.

"தமிழ்ல யோசிச்சுத்தான் புள்ளைகள் இங்கிலீஷுக்கு வருவாங்க. வார வழிய அடச்சிட்டு, ஏன் வரல்லன்னு கேக்குறீங்களே" என்பார் பரீதா டீச்சர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் வகுப்பாசிரியை, அவர் உதவிக்கு வந்தவர் என்ற திமிர் எனக்கு இருந்தது.

நஸ்ரா என்ற பிள்ளை கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. அன்று வாசிப்புப் பாடம். பரீதா டீச்சர் தாள்கள் எடுக்க அலுவலகத்துக்குப் போயிருந்தார். நஸ்ரா மேசையில் கவிழ்ந்திருந்தாள். தன் முறை வருகிறது என்று ஒளிகிறாள் என நினைத்து, நிமிர்ந்து இருக்கும்படி ஆங்கிலத்தில் அதட்டினேன். நிமிர்ந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. வாயைத் திறந்தாள். பேனாவோடு நின்ற மொனிட்டரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். வாசி என்று நான் மறுபடியும் சொன்னேன்.

அப்போதுதான் பரீதா டீச்சர் உள்ளே வந்தார். தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். "புள்ள, மூச்சு முட்டுதா? பம்ப் இருக்கா?" ஆஸ்துமா பம்ப்பைத் தேடிப் பையைக் கொட்டினோம். சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் விழுந்தன, பம்ப் இல்லை. பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. முச்சக்கர வண்டியில் அவளை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி பரீதா டீச்சர் ஓதிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த நான் ரோட்டில் நின்ற ஒவ்வொரு லொறியையும் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் முகத்துக்கு வைத்த மருந்துப் புகை அடங்கிய பிறகு நஸ்ரா முதலில் கேட்டது இது: "என்ட பேர எழுதிட்டாங்களா டீச்சர்?"

பரீதா டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இல்ல மகள். இனி யாரும் எழுத மாட்டாங்க" என்றார்.

மறுநாள் அதிபர் அறையில் விசாரணை. நஸ்ராவின் உம்மா அழுதுகொண்டே நின்றார். "என்ட பிழதான். பம்ப வெக்க மறந்துட்டேன்." அதிபர் அனுமதிப் படிவத்தை விரித்தார். நோய் விபரம் கேட்ட இடம் வெறுமையாக இருந்தது. "எங்களுக்கு அறிவிக்கவே இல்லையே" என்றார். படிவம் முழுக்க ஆங்கிலம். அந்தப் பெண்ணுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை.

தப்பித்தேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. மறைக்க மாட்டேன். தாயின் பிழை என்று எழுத அதிபர் பேனாவை எடுத்தார். பரீதா டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சட்டத்தைப் பற்றி அவர் சொல்லியிருந்தால் நான் மறுத்துச் சண்டை பிடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை.

"பிள்ளை சொல்ல வந்தாள் சேர். என் சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள்" என்றேன்.

நான் வகுப்புக்குத் திரும்பியபோது பரீதா டீச்சர் ஈரத்துணியால் அந்த மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒங்க மேல சரியான கோவம். அது போக நாளாகும்" என்றார். உண்மையாகவே நாளானது. ஒரு மாதம் என்னோடு தேநீர் குடிக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமையே படிவத்தைத் தமிழில் எழுதி என் மேசையில் வைத்தார், பிழை பார்க்கச் சொல்லி.

அன்றிலிருந்து வகுப்பு தொடங்குமுன் தமிழில் ஒரு கேள்வி கேட்பார்: "யாருக்கு என்ன செய்யிது?" கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருப்பார். வயிற்றுவலி, பல்வலி, உம்மா ஊரில் இல்லை, எல்லாம் வெளியே வரும். அதன் பிறகுதான் ஆங்கிலம். நஸ்ரா அந்த ஆண்டு முடிவதற்குள் நாடகத்தில் ஆங்கிலத்தில் பேசினாள், கத்திப் பேசினாள்.

அவர் நோயில் விழுந்த பின் அந்தக் கேள்வி என் கைக்கு வந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அடக்கத்துக்கு அடுத்த நாளும் கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். முன்வரிசையில், பாடசாலைக்குப் புதிதாக வந்த பிள்ளை ஒன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சருக்கு என்ன செய்யிது?" என்று தமிழில் கேட்டது.

"எனக்குத்தான் சுகமில்லை மகள்" என்று சொல்லி, பிள்ளைகள் முன்னாலேயே அழுதேன்.