எந்த வருசம்?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத வருவது, அதுவும் கார்களைப் பற்றி எழுத வருவது, அதிகப்படிதான். ஆனால் என் கலியாணமே ஒரு காரை நம்பியிருந்ததால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

வெள்ளவத்தையில் அண்ணாவின் ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். கீழே தரிப்பிடத்தில் அவருடைய இரண்டு கார்கள் நின்றன. ஒரே கொம்பனி, ஒரே பெயர், வருசம்தான் வேறு. பழையது ஆயிரத்தைந்நூறு சிசி. காலி வீதி நெரிசலில் லீட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் பெரிய காரியம். புதிய மொடலில் எஞ்சினை ஆயிரம் சிசியாகக் குறைத்துவிட்டார்கள். அது பதினாறு, பதினேழு ஓடும். முன்பெல்லாம் கார் என்றால் இழுவை எப்படி என்று கேட்பார்கள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு லீட்டருக்கு எத்தனை என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி.

புதியதில் ஒருமுறை நுவரெலியாவுக்குப் போனோம். ஏற்றத்தில் கார் முனகத் தொடங்கியது. அண்ணா ஏசியை நிறுத்திப் பார்த்தார். அப்போதும் இழுக்கவில்லை. அண்ணி பின்னால் திரும்பினார்.

"மச்சாள், நீங்கள் கொஞ்சம் இறங்கி நடந்து வாங்கோவன். மேல நிண்டு ஏத்துறம்."

நடந்தேன். முதல் வளைவில் கார் இல்லை. அதற்கு அடுத்த வளைவில்தான் நின்றது. பிள்ளைகள் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே ஏற்றத்தை முன்பொருமுறை பழைய கார் என்னையும் சாமான்களையும் சுமந்துகொண்டே ஏறியது. அன்று ஒருவரும் இறங்கவில்லை.

பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், சொந்த வீடு. பழைய காரைச் சீதனமாகத் தருவதாக அண்ணா தரகரிடம் சொல்லியிருந்தார். இதுவும் தவறினால் இனி ஒன்றும் வராது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணியின் சத்தம் கேட்காத ஒரு குசினியில் சமைப்பது எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தார். முதலில் அண்ணாவோடு கீழே நின்று காரைப் பார்த்தார். பொனெற்றைத் திறந்து மூடும் சத்தம் மேலே கேட்டது. பிறகுதான் வீட்டுக்குள் வந்தார். நான் தேநீர்த் தட்டோடு போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த வருசம்?"

என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு என் பிறந்த வருசத்தைச் சொன்னேன்.

"எழுபத்தாறு."

 அண்ணி வெடித்துச் சிரித்தார்.

"ஐயோ மச்சாள், அவர் காரையெல்லோ கேட்டவர்! கார் அவ்வளவு பழசில்லை!"

அண்ணாவும் சிரித்தார். வந்தவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை தங்கச்சி, நீங்களாவது உண்மையைச் சொன்னீங்கள். விக்கிறவை ஒருத்தரும் வருசத்தைச் சரியாச் சொல்லாயினம்."

பெண் பார்க்க வந்தவர் என்னைத் தங்கச்சி என்றார். அந்தச் சொல்லிலேயே முடிவு இருந்தது. நான் அதைக் கேட்டும் போகாமல் தட்டோடு அங்கேயே நின்றேன்.

"இது லீட்டருக்கு ஒன்பதுதானே அண்ணை," என்றார் அவர், அண்ணாவைப் பார்த்து. "நான் ஒவ்வொரு நாளும் பொரளைக்கு வேலைக்கு ஓடவேணும். காருக்கும் ஆளுக்கும் சேத்துத் தீன் போட என்னால ஏலாது."

"பழசெண்டாலும் எஞ்சின் திறம். எந்த மலையும் ஏறும்."

"கொட்டாஞ்சேனையில எங்க அண்ணை மலை?"

மறுபடியும் சிரிப்பு. அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

"மற்றக் காரைத் தாறதெண்டா, மிச்சத்தைப் பற்றி யோசிக்கலாம்."

மிச்சம் என்பது நான்.  புதிய காரின் திறப்புக்கொத்து அண்ணாவின் கையில்தான் இருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டார். அண்ணிதான் சொன்னார்.

"அதைத் தந்திட்டு நாங்கள் என்ன, நடந்தே திரியிறது?"

அவர் போனபின் கோப்பைகளைக் கழுவினேன். ஹோலில் அண்ணி பிள்ளைகளுக்கு எழுபத்தாறு கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என் குரலை நன்றாகவே பிடித்திருந்தார்.

அடுத்த நாள் காலையில் தரகர் போன் எடுத்து, சரிவராது என்றார். அண்ணா பழைய காரைக் கழுவிப் படம் பிடித்து விற்பனைக்குப் போட்டார். நான் மரக்கறி வாங்கச் சந்தைக்கு நடந்து போய் வந்தேன்.