கையைத் தூக்கினால் வரும் பழுது

பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் சிறு கருவி) வைத்து ஐந்தாம் மாதம், கோயிலில் மயங்கி விழுந்தேன். கோயில் என்றால், எண்பத்தாறாம் ஆண்டில், புலம்பெயர்ந்து வந்த நாங்கள் டோர்செட் பார்க் பகுதியில் வெள்ளிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்த மண்டபம். தீபாராதனை நேரம் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியதுதான் நினைவிருக்கிறது. கண்விழித்தபோது முகமெல்லாம் திருநீறு.

“பிள்ளைக்கு அம்மன் வந்திட்டா,” என்றார் பக்கத்தில் நின்ற அன்ரி. இரண்டு பேர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டும்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஈசிஜி (இதய மின்பதிவு) எடுத்தார்கள். கருவியில் பிழையில்லை, மனப்பயமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அடுத்த வாரம் மேல்தட்டில் மிளகாய்த்தூள் போத்தலை எடுக்கும்போது மறுபடி விழுந்தேன். மறுபடியும் படுக்கவைத்தே பார்த்தார்கள். மறுபடியும் எல்லாம் சரி. எனக்குக் கோபம் வந்தது. மூன்றாம் தடவை எழும்புவேனோ என்று பயமும் இருந்தது.

நான் அஜின்கோர்ட்டில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் (மின்சுற்று) பலகைகளைச் சோதிப்பவள். மேசையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பெட்டிக்குள் பூட்டியதும் செத்துப்போகும் பலகைகள் எனக்குப் பழக்கம். எங்கே அறுந்தால் இப்படி நடக்கும் என்று முதலில் தாளில் படமாகக் கீறிப் பார்ப்போம். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை வளைத்துப் பார்ப்போம்.

அன்று என்னையே தாளில் கீறினேன். பற்றரி, கம்பி, இதயம். இதயம் துடிக்கிறதா என்று கருவி உணர்வதும் அதே கம்பியால்தான். அது தோளருகே பாதி முறிந்திருந்தால், கையைத் தூக்கும்போது எழும் இரைச்சலை இதயத்துடிப்பு என்று எண்ணிக் கருவி தூண்டல் தராமல் சும்மா இருந்துவிடும்.

“இஞ்சேரும், டொக்டருக்கே படிப்பிக்கப் போறீரோ?” என்றார் கணவர்.

“ஓம். உந்தத் தாளை மடிச்சு உங்கட பொக்கற்றுக்க வையுங்கோ,” என்றேன்.

டாக்டர் தாளை நெடுநேரம் பார்த்தார். என்னை எழுப்பி நிற்கவைத்து, ஈசிஜி ஓட ஓடக் கையைத் தூக்கச் சொன்னார். வெட்கத்தில் பாதிதான் தூக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணை மூடி, தீபாராதனையில் போலவே தலைக்கு மேல் கூப்பினேன். பதிவில் கோடு ஐந்து விநாடி தட்டையாக நீண்டது. கணவர்தான் தாங்கிப் பிடித்தார்.

கம்பியை மாற்றினார்கள். பழையது நான் தாளில் கீறிக் காட்டிய இடத்திலேயே முறிந்திருந்தது. கோப்பில், ‘பழுதைக் கண்டுபிடித்தவர்: நோயாளி’ என்று டாக்டர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். பெருமைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உங்களிடமும் ‘எல்லாம் சரி’ என்று சொல்வார்கள். என்ன செய்யும்போது வந்தது என்று சொல்லுங்கள். செய்தும் காட்டுங்கள்.

இப்போதும் கைகளைக் கூப்பியதும் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன். முன்பு மயக்கத்தில் கணக்கில் வராமல்போன அந்த ஐந்து விநாடியும் இப்போது எனக்குத் தெரிந்தே கடக்கிறது. மண்டபம் முழுக்க அம்மனைப் பார்த்துக் கும்பிட, கணவர் மட்டும் கும்பிடாமல், என்னைத் தாங்கக் கைகளை நீட்டியபடி நிற்கிறார்.